கொடியை வெட்டலாம், படிப்பை விடக்கூடாதா?

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு விவசாயி பயிரை மாற்றினால் அவரை யாரும் ஓடுகாலி என்று சொல்வதில்லை. சுருளிப்பட்டியிலோ காமயகவுண்டன்பட்டியிலோ ஒருவர் திராட்சைக் கொடியை வேரோடு வெட்டிப்போட்டுவிட்டு அதே பந்தலில் பாகல் ஏற்றுகிறார் என்று வையுங்கள். "கொடியில ஒண்ணும் நிக்கல, மாத்திட்டேன்" என்று டீக்கடையில் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். "சரியான நேரத்துல மாத்துன" என்று ரெண்டு பேர் மெச்சவும் செய்வார்கள். கூட்டுறவுச் சங்கம் அடுத்த போகத்துக்குப் புதுப் பயிருக்குக் கடன் தரும். 'போன தடவை திராட்சைக்கு வாங்கினாயே, சாகும்வரை திராட்சைதான்' என்று எந்தச் செயலாளரும் சொன்னதில்லை.

அதே விவசாயியின் மகன் சிவில் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டில் வீட்டுக்கு வந்து, "எனக்கு இது வரலப்பா, பி.ஏ. வரலாறு சேந்துக்கிறேன்" என்று சொல்லட்டும். வீடு இழவு வீடாகிவிடும். "இம்புட்டுச் செலவழிச்சு பாதியில விட்டுட்டு வர்றியே, நாலு பேர் என்ன சொல்லுவாக?" தாய்மாமன் வருவார், சித்தப்பா வருவார், ஊரில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வருவார். மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "முதல்ல இதை முடி. அப்புறம் எதை வேணா படி."

இந்த வாக்கியத்தைத்தான் நம் தலைமுறை கேலி செய்து களைத்துவிட்டது. மீம் போட்டோம், படம் எடுத்தோம், கவிதை எழுதினோம், பிள்ளைகளின் கனவைக் கொல்லும் பெற்றோர் என்று எத்தனை சிறுகதை எழுதித் தள்ளினோம்! என் கட்சி வேறு. அந்த அப்பாவும் அம்மாவும் இந்தக் கதையின் வில்லன்கள் இல்லை. அவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். படிப்பை மாற்றுவது இந்த நாட்டில் எவ்வளவு பெரிய பொருளாதாரத் தண்டனை என்பது, நம்மைவிட அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும். தண்டனையை எழுதி வைத்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். சண்டை போட வேண்டியது அவர்களோடு.

முதலில் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். விடிவதற்கு முன் கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி வீதிகளில் ஜீப்புகள் நிற்கும். அள்ளி அடைத்துக்கொண்டு குமுளி வழியாகவோ கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஏறும். சாயங்காலம் அதே ஜீப், அதே கொண்டை ஊசி வளைவுகள். பள்ளத்தாக்கின் பாதிப் பட்டதாரிகளின் முதல் செமஸ்டர் கட்டணம் அந்த ஜீப்பில் ஏறி இறங்கியதுதான் என்று நான் சொன்னால் ஊர்க்காரர் எவரும் சண்டைக்கு வரமாட்டார். போதாததற்குக் காதில் கிடந்தது அடகுக்குப் போகும். மகளிர் குழுவில் ஒரு கடன், தெரிந்தவரிடம் கைமாற்று, கடைசியில் வங்கிக் கல்விக்கடன். நாலு இடத்தில் வாங்கிய பணத்துக்கு ஒரே ஒரு நம்பிக்கைதான் பிணை: பையன் முடித்துவிடுவான். அவன் "மாறுகிறேன்" என்று சொல்லும்போது அந்தப் பிணை உடைகிறது. அம்மா அழுவது கௌரவத்துக்காக மட்டுமில்லை.

இனி விதிகளுக்கு வருவோம். நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இவற்றை வரிசையாக வைத்து வாசியுங்கள்.

ஒன்று. ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துப் பிள்ளைகளின் கல்விக்கடனுக்கு, படிக்கும் காலத்து வட்டியை மத்திய அரசே கட்டும் மானியத் திட்டம் 2009-10 கல்வியாண்டு முதல் இருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அதன் விதியில் ஒரு வரி உண்டு: படிப்பை இடையில் நிறுத்தியவருக்கு மானியம் கிடையாது. மருத்துவக் காரணம் மட்டும் விலக்கு. அதாவது உடம்புக்கு முடியவில்லை என்றால் அரசு புரிந்துகொள்ளும். படிப்பு முடியவில்லை என்றால் புரிந்துகொள்ளாது. ஒழுங்கு நடவடிக்கையில் வெளியேற்றப்பட்டவனையும், 'தவறான இடத்தில் இருக்கிறேன்' என்று தானே உணர்ந்து வெளியே வந்தவனையும் அந்த விதி ஒரே வரிசையில் நிறுத்துகிறது.

இரண்டு. வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், குறித்த காலத்தில் படிப்பை முடிக்க முடியாத மாணவருக்கு இரண்டு ஆண்டுவரை நீட்டிப்புத் தர இடமுண்டு. அரியர்மேல் அரியர் வைத்துக்கொண்டு அதே வகுப்பில் கிடந்தால் வங்கி பொறுத்துக்கொள்ள வழி இருக்கிறது. வெளியே வந்து பிடித்த படிப்பில் சேர்ந்தால், பழைய கடனுக்குத் தவணை நோட்டீஸ் வீட்டுக் கதவைத் தட்டும். வெறுத்துப் படிப்பவனுக்கு அவகாசம், விரும்பிப் படிக்கப் போகிறவனுக்கு வசூல்.

மூன்று. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் 2010-ஆம் ஆண்டு விதிமுறைகளைப் பாருங்கள். கலை, அறிவியல் படித்துக்கொண்டிருந்தவர் தொழிற்படிப்புக்கு மாறினால் உதவித்தொகை பெறலாம். அதற்குமேல் ஒரு மாற்றம் கூடாது. உதவித்தொகை பெற்ற ஆண்டில் படிப்பை நிறுத்தினால், வாங்கிய தொகையைத் திருப்பிக் கேட்கவும் மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. மேலே ஏறுவதற்கு ஏணி, வேறு பக்கம் நகர்ந்தால் அபராதம்.

நான்கு. இந்த 'மேல், கீழ்' எண்ணம் சேர்க்கை விதியிலும் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம், தமிழ்நாட்டில் அதற்கென்றே கலந்தாய்வு நடக்கிறது. எதிர்த்திசையில் வந்து பாருங்கள். இரண்டு ஆண்டு பொறியியல் படித்து, கணிதத் தாள்கள் அத்தனையும் தேறி, ஒரு கலைக்கல்லூரியில் பி.எஸ்சி. கணிதம் கேட்டால் "ஃபர்ஸ்ட் இயர்ல இருந்து வாங்க தம்பி" என்பார்கள். அவன் எழுதித் தேறிய கணிதம் எந்தக் காற்றில் கரைந்தது?

ஐந்து. பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு விதி வகுத்தது. சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாள் முன்பே விலகினால், கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். தேதி நெருங்க நெருங்கத் தொகை குறையும். கடைசித் தேதி முடிந்து 30 நாள் தாண்டினால் திரும்பக் கிடைப்பது பூஜ்யம். ஒரு படிப்பு நமக்கானதா என்பது 30 நாளில் யாருக்குத் தெரிகிறது? முதல் செமஸ்டர் ரிசல்ட் வரும்போதுதான் முதல் அடி விழும். அப்போது கல்லாப்பெட்டி மூடி மாதக்கணக்காகியிருக்கும்.

அதே 2018 அறிவிப்பு இன்னொன்றும் சொல்கிறது: மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக்கூடாது. எங்கள் தெருப் பையன் ஒருவன் மூன்றாம் செமஸ்டரில் விலகி வந்தபோது அவன் படித்த கல்லூரி என்ன சொன்னது தெரியுமா? "மிச்ச வருஷ ஃபீஸையும் கட்டிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கோ." அவன் அம்மா ரெண்டு தடவை போய் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் கைக்கு வருவதற்குள் அந்த ஆண்டின் கலைக்கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிட்டது. 2018 அறிவிப்பின் நகல் யாரிடமும் இல்லை. இருந்திருந்தாலும் அந்த அம்மாவின் கையில் அது வெறும் ஆங்கிலத் தாள்.

இந்த ஐந்தையும் சேர்த்துப் பார்த்தால் தெரிவது ஒன்றுதான். நம் அமைப்பில் பணம் மாணவனுக்குத் தரப்படவில்லை, படிப்புக்குத் தரப்படுகிறது. மாணவன் அந்தப் படிப்போடு கட்டப்பட்ட கன்று. கயிற்றை அறுத்தால் வைக்கோலும் போச்சு.

தமிழக அரசின் திட்டங்களையும் இதே கண்ணால் பார்க்க வேண்டும். முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை 2010-ல் வந்தது. ஒற்றைச்சாளர முறையில் தொழிற்படிப்பு சேரும் பிள்ளைக்குக் கல்விக் கட்டணத்தில் சலுகை, குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும். பள்ளத்தாக்கில் எத்தனையோ வீடுகளுக்கு முதல் டிகிரியைக் கொண்டுவந்த திட்டம் அது. 2021 முதல் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத ஒதுக்கீடு, கல்வி, விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதையெல்லாம் குறை சொல்கிறவன் நான் இல்லை. ஆனால் இந்தத் திட்டங்கள் ஒரு கற்பனை மாணவனை வைத்து எழுதப்பட்டவை. பதினேழு வயதில் ஒரே தடவை சரியாகத் தேர்ந்தெடுத்து, நாலு ஆண்டில் நேராக வெளியே வருகிறவன் அவன். அப்படி ஒருவனைக் கண்டால் சொல்லுங்கள், மாலை போடலாம்.

உண்மையில் தேர்வு பதினேழில் நடப்பதுகூட இல்லை. பதினைந்து வயதில் பதினோராம் வகுப்பு குரூப் எடுக்கும்போதே நடந்துவிடுகிறது. மார்க் இருந்தால் ஃபர்ஸ்ட் குரூப். அதற்கப்புறம் எந்தக் கல்லூரி பஸ் நம் ஊர்வழி வருகிறதோ அதுவே விருப்பப் பாடம். 2010-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகள் ஐந்நூறைத் தாண்டி நின்றன. ஆள் பிடிப்பதற்கு ஊர் ஊராக வந்தார்கள். அன்றைக்குச் சேர்ந்த எத்தனை பேர் 'தேர்ந்தெடுத்தார்கள்', எத்தனை பேர் ஏற்றப்பட்டார்கள்? அரசே இதை ஒப்புக்கொண்டதால்தான் 'நான் முதல்வன்' என்று 2022-ல் வழிகாட்டத் தொடங்கியது. பதினேழு வயதுப் பிள்ளைக்கு வழிகாட்டல் தேவை என்று ஒப்புக்கொண்ட அரசு, பத்தொன்பது வயதில் அந்தப் பிள்ளை 'வழி மாறிவிட்டது' என்று சொன்னால் காதைப் பொத்திக்கொள்வது என்ன நியாயம்?

பெண் பிள்ளைகளுக்கு வந்தால் கணக்கு இன்னும் கொடுமை. பையன் பாதியில் வந்தால் திட்டு விழும், ஒரு வருஷம் திருப்பூரோ சென்னையோ போவான், திரும்பி வர ஒரு வாய்ப்பாவது இருக்கும். பெண் பாதியில் வந்தால் ஜாதகம் வெளியே வரும். "படிப்புதான் பிடிக்கலையே, அப்புறம் என்ன?" படிப்பை மாற்ற நினைக்கிற பெண் வாயை மூடிக்கொண்டு அதே படிப்பை முடிப்பதற்குக் காரணம் இதுதான். அவளுக்கு அந்த நாலு ஆண்டு வெறும் பட்டமில்லை, கல்யாணத்துக்குத் தடுப்புச்சுவர். சுவரில் ஒரு கல்லை உருவினாலும் மொத்தமும் விழும் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது நம் ஆட்களிடம் வருகிறேன். இலக்கியம் வாசிக்கிற, படம் எடுக்க நினைக்கிற, இணைய இதழ்களில் கதை எழுதுகிற நம்மிடம். நமக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. படிப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு வந்தவர்களைக் கொண்டாடுவது. தேனிக்காரனுக்கு அது இன்னும் சுலபம். பண்ணைப்புரத்தைச் சொல்லலாம், அல்லிநகரத்தைச் சொல்லலாம். "அவங்கல்லாம் எந்த காலேஜ்ல படிச்சாங்க?" என்று கேட்டுவிட்டால் வாதம் முடிந்தது. இந்தப் புராணம் அரசுக்கும் வங்கிக்கும் ரொம்ப வசதியானது. துணிச்சல் இருந்தால் போதும் என்றால், பணம் எதற்கு? விதியை எதற்குத் திருத்த வேண்டும்? பாதியில் விட்டுத் தோற்ற ஆயிரம் பேரை யாரும் பேட்டி எடுப்பதில்லை. அவர்கள் செல்போன் கடையில் இருக்கிறார்கள், நிதி நிறுவனத்தின் வசூல் பிரிவில் இருக்கிறார்கள், சிலர் அம்மா ஏறிய அதே ஜீப்பில் இருக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் பாதியில் விட்டவர்களிலேயே பெரியவர் ராமானுஜன். கதை எல்லோருக்கும் தெரியும். 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதத்தைத் தவிர மற்றதில் தேறாததால் உதவித்தொகை பறிபோனது. 1906-ல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் மறுபடி முயன்றார், எஃப்.ஏ. தேர்வில் அங்கும் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் 30 ரூபாய் சம்பளத்துக்குக் குமாஸ்தா ஆனார். இதுவரை சொல்லிவிட்டு நாம் நேராக நாமகிரித் தாயாருக்கும் ஹார்டிக்கும் தாவிவிடுகிறோம். நடுவில் ஒரு விஷயம் நடந்தது. 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை இரண்டு ஆண்டுகளுக்குக் கொடுத்தது. குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு. திரும்பி வந்தவனுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் அது. மேதைமை அவருடையது, மறுக்கவில்லை. ஆனால் அந்த 75 ரூபாயை மறந்துவிட்டு மேதைமையை மட்டும் பாடுவது, பந்தலை மறந்துவிட்டுக் கொடியைப் பாடுவது மாதிரி. எல்லோரும் ராமானுஜன் இல்லை என்பார்கள். சரி. ராமானுஜனுக்கே தேவைப்பட்டது, மற்றவனுக்குத் தேவைப்படாதா?

எதிர்க்கேள்விகள் வரும். வரட்டும்.

"மக்கள் வரிப்பணம் வீண்." பிடிக்காத படிப்பை முடிக்காமலே ஏழு ஆண்டு அரியர் எழுதும் மாணவனுக்குச் செலவான வரிப்பணம் வீணில்லையா? 2021 பிப்ரவரியில் தமிழக அரசு 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. மழை பொய்க்கும், விலை விழும், அது விவசாயியின் குற்றமில்லை என்று நமக்குத் தெரிந்ததால் அதை ஏற்றுக்கொண்டோம். நான் தள்ளுபடிகூடக் கேட்கவில்லை. மறுநடவுக்குக் கடன் கேட்கிறேன், பழைய கடனுக்கு அதுவரை மூச்சுவிட இடம் கேட்கிறேன்.

"அரசுக் கலைக்கல்லூரியில் ஃபீஸே கிடையாது மாதிரிதானே? போய்ப் படிக்க வேண்டியதுதானே?" கட்டணம் சில ஆயிரம்தான், உண்மை. ஆனால் திரும்பப் படிப்பதன் செலவு கட்டணம் இல்லை. ஒரு நாள் கூலி 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 25 நாள் வேலை என்றால் 12,500. மூன்று ஆண்டுக்கு நாலரை லட்சம். பழைய கடனின் தவணையைத் தலையில் வைத்துக்கொண்டு இந்த நாலரை லட்சத்தை விட்டுக்கொடுப்பவன்தான் மறுபடி வகுப்பில் வந்து உட்கார முடியும். அவன் பெஞ்சு காலியாக இருப்பதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை.

"அதற்குத்தான் புதிய கல்விக் கொள்கையில் எப்போது வேண்டுமானாலும் வெளியேறலாம், எப்போது வேண்டுமானாலும் சேரலாம் என்று வைத்திருக்கிறார்களே?" 2020 கொள்கையின் இந்த அம்சத்தை, ஏழைப் பிள்ளையை ஒரு சர்டிபிகேட்டோடு வீட்டுக்கு அனுப்பும் வழி என்று தமிழ்நாட்டில் பலரும் எதிர்த்தார்கள். எதிர்த்தது சரி. ஒரு வருஷம் படித்தால் சான்றிதழ், ரெண்டு வருஷம் படித்தால் டிப்ளமோ என்று வெளியேறும் வாசலுக்கு விளக்குப் போட்டார்கள். மீண்டும் நுழையும் வாசலில் யார் பணம் கட்டுவது என்று எழுதவில்லை. ஆனால் எதிர்த்த நாமும் அதோடு கையைத் தட்டிவிட்டுப் போய்விட்டோம். வெளியேறியவனைத் திரும்ப அழைத்து வர நம்மிடம் என்ன திட்டம் இருக்கிறது? வேண்டாம் என்று சொன்னதற்கு மாற்றாக நாம் வைத்தது என்ன?

"இஷ்டத்துக்கு மாறிக்கிட்டே இருப்பானுங்க." அமெரிக்காவில் கல்லூரி சேர்ந்த மூன்று ஆண்டுக்குள் ஏறத்தாழ 30 சதவீத மாணவர்கள் ஒரு தடவையாவது மேஜர் மாற்றுகிறார்கள் என்று அந்நாட்டுக் கல்விப் புள்ளியியல் மையம் 2017-ல் சொன்னது. நாடு கவிழ்ந்துவிடவில்லை. அங்கே ஏழை மாணவருக்கான 'பெல்' உதவித்தொகைக்கு வாழ்நாள் வரம்பு உண்டு: சுமார் 12 செமஸ்டர். அந்தப் பன்னிரண்டுக்குள் படிப்பை மாற்றினாலும் உதவி கூடவே வரும். அமெரிக்கக் கல்விக்கடன் எவ்வளவு பெரிய புதைகுழி என்று தெரியும், அதைப் புகழ வரவில்லை. உதவியைப் படிப்போடு கட்டாமல் ஆளோடு கட்ட முடியும், அதற்கு ஓர் எல்லையும் வைக்க முடியும் என்பதற்குத்தான் அந்த உதாரணம். அதற்கு அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். 2022-ல் புதுமைப்பெண் திட்டம், 2024-ல் தமிழ்ப்புதல்வன். மாதம் ஆயிரம் ரூபாய் கல்லூரி முதலாளியின் கைக்குப் போகவில்லை, நேராக மாணவர் கணக்குக்குப் போகிறது. வழி ஏற்கெனவே இருக்கிறது, அகலப்படுத்தினால் போதும்.

என்ன வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் தலைமுறைச் சலுகையும் உதவித்தொகைகளும் 'இந்தப் படிப்புக்கு' என்றில்லாமல் 'இத்தனை ஆண்டுக்கு' என்று மாற வேண்டும், ஒரு மாற்றத்துக்காகக் கூடுதலாக ஓர் ஆண்டு சேர்த்து. வட்டி மானிய விதியில் இடைநிற்றல் என்ற சொல்லுக்கு, ஓராண்டுக்குள் வேறு படிப்பில் சேர்ந்தவர் விலக்கு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்ந்தவரின் பழைய கடனுக்குப் படிப்பு முடியும்வரை தவணை கேட்கக்கூடாது. தேறிய தாள்களுக்கான மதிப்பைப் பொறியியலிலிருந்து கலை அறிவியலுக்கும் கொண்டுவர மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். சான்றிதழைப் பிடித்து வைக்கும் கல்லூரிமேல் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் கொடுக்கும் மனுவுக்கு, கலெக்டர் அந்த வாரமே நடவடிக்கை எடுக்க வேண்டும். இதில் ஒன்றுகூடப் புரட்சி இல்லை. எல்லாமே அரசாணையில் எழுதக்கூடிய வரிகள்.

2016-லும் 2021-லும் இரண்டு கழகங்களும் கல்விக்கடனைப் பற்றித் தேர்தல் அறிக்கையில் வாக்குறுதி கொடுத்தன. பட்டம் வாங்கி வேலை கிடைக்காதவனை அவர்களுக்குத் தெரியும், அவனுக்கு ஓட்டு இருக்கிறது, சங்கம் இருக்கிறது, அவனைப் பற்றிப் படமும் இருக்கிறது. பட்டத்துக்கு முன்னாலேயே நின்றுபோனவன் எந்தப் பட்டியலிலும் இல்லை. வேலையில்லாப் பட்டதாரி என்றுகூட அவனைச் சொல்ல முடியாது, பட்டமே இல்லையே. அடுத்த தடவை கம்பத்திலோ போடியிலோ ஆண்டிபட்டியிலோ ஓட்டுக் கேட்டு வேன் வரும்போது, அறிக்கையை வாங்கிப் புரட்டிப் பாருங்கள். 'பாதியில் நின்றவர்களுக்கு' என்று ஒரு வரி இருக்கிறதா என்று வேனில் நிற்பவரிடமே கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள்.